உலகமே ஜெபம் பண்ணிய செயலாளர்

ஆலயத்துக்குப் பின்னால் இருந்த குழந்தைகள் அறையைச் சபைச் செயலாளர் பூட்டிவிட்டார். காரணம் கேட்டால் சிரிப்புதான் வரும். தரைக்குப் புது டைல்ஸ் போட்டிருக்கிறதாம். குழந்தைகள் வந்தால் அழுக்காகிவிடுமாம். ஜன்னல் வழியாக எட்டிப் பார்த்தால் தரையே தெரியாதபடி உள்ளே ஒடிந்த மின்விசிறி இருந்தது, அடுக்கிய பிளாஸ்டிக் நாற்காலிகள் இருந்தன, கால் போன ஒரு பழைய பிரசங்க மேடைகூட இருந்தது. குழந்தைகள் அறைக்குள் வர அனுமதி இல்லாதது குழந்தைகளுக்கு மட்டும்தான்.

அந்த அறையை நடத்தி வந்தது சபையின் மாதர் சங்கம். காலையில் வேலைக்குப் போகிறவளின் பிள்ளையை மாலையில் வேலைக்குப் போகிறவள் பார்த்துக்கொள்வாள். சாயங்காலம் அப்படியே மாறும். சம்பளமும் இல்லை, பெயர்ப்பலகையும் இல்லை, ஆனால் ஒரு நாள்கூடத் தவறியதில்லை. டைல்ஸ் வேலைக்காகச் சில நாள் மூடுகிறோம் என்றார்கள். வேலை முடிந்தது. பூட்டு மட்டும் முடியவில்லை.

இதில் எல்லோரையும்விட அதிகமாக எரிந்துகொண்டிருந்தது டிகிரி. அவளுக்கு வீட்டில் வைத்த பெயர் வேறு. குடும்பத்திலேயே முதல் முதலாகப் பட்டம் வாங்கியதிலிருந்து ஊர் முழுக்க இந்தப் பெயர்தான். பாதி பெருமை, பாதி கிண்டல். கேஸ் கனெக்‌ஷன் விண்ணப்பத்திலிருந்து கல்யாணப் பத்திரிகை வரை எதை நிரப்ப வேண்டுமானாலும் "டிகிரியைக் கூப்பிடு" என்பார்கள். முடிவு எடுக்கிற இடத்துக்கு மட்டும் யாரும் கூப்பிட மாட்டார்கள். சபைக் கமிட்டியில் இருந்தது முழுக்க ஆண்கள். ஆலயத்தைக் கூட்டுவது பெண்கள், கூட்டத்தைக் கூட்டுவது அவர்கள்.

அவள் எரிந்ததற்குச் சொந்தக் காரணமும் இருந்தது. அக்கா ஆயத்த ஆடைக் கம்பெனியில் காலர் தைப்பவள். பிரசவ விடுப்பு முடிகிற நேரம். ஒன்றாம் தேதி வந்து மெஷினில் உட்காராவிட்டால் அந்த மெஷினில் வேறு ஆள் உட்காருவாள் என்று சூப்பர்வைசர் போனில் சொல்லிவிட்டாள். அத்தான் லாரியோடு பாதி மாதம் வெளியூர். அம்மா ஆஸ்பத்திரி சலவைக்கூடத்தில். டிகிரி இன்சூரன்ஸ் ஆபீஸ் கவுன்டரில். தவழத் தொடங்கியிருந்த பாப்பாவை யார் மடியில் விடுவது?

நேராகச் செயலாளரின் கடைக்கே போனாள் டிகிரி. மோட்டார் உதிரி பாகக் கடை. கூரை வரை பேரிங் பெட்டிகள், கிரீஸ் வாசனை, நடுவில் சுழல் நாற்காலியில் அவர். இடுப்பில் சாவிக்கொத்து.

"அங்கிள், சாவி வேணும்."

"எந்தச் சாவி?"

"தெரியாத மாதிரி கேக்காதீங்க. குழந்தைங்க ரூம் சாவி."

"உட்காரும்மா. டீ சொல்லட்டுமா?"

"டீ குடிக்க வரல."

"சரி, கமிட்டிக்கு எழுதிக் கொடு. அடுத்த கூட்டத்துல வைக்கிறேன்."

"அடுத்த கூட்டம் எப்போ?"

"ஸ்கூல் லீவெல்லாம் முடியட்டும்."

"அக்கா ஒண்ணாந்தேதி வேலைக்குப் போகணும் அங்கிள்."

"கைக்குழந்தையை விட்டுட்டு என்ன பெரிய வேலை? வீட்டுல வச்சே தைக்கட்டுமே."

"நீங்ககூட இந்தக் கடையை வீட்டுல வச்சே பாக்கலாமே?"

பிரேக் ஒயர் வாங்க வந்திருந்த ஒருவர் களுக்கென்று சிரித்துவிட்டு ஒயரை உற்றுப் பார்க்க ஆரம்பித்தார். செயலாளர் முகம் சிவந்தது.

"படிச்ச பொண்ணு பேசற பேச்சா இது?"

"படிக்காத பொண்ணுங்க வந்து பேசினப்போ காதுல போட்டுக்கிட்டீங்களா?"

அத்தோடு முடிந்தது பேச்சு. வீட்டுக்கு வந்து சொன்னபோது அக்கா தலையில் அடித்துக்கொண்டாள். "இருந்த கொஞ்சநஞ்ச வழியையும் அடைச்சுட்டு வந்துட்டியா? உன் வாய் இருக்கே வாய்!" என்றாள். பாப்பா சித்தியின் அடையாள அட்டையைக் கடித்துக்கொண்டிருந்தது. டிகிரிக்கு அழுகை வந்தது. அதனால் கோபமாக எழுந்து போய்ப் பாத்திரம் தேய்த்தாள்.

அந்தச் சனிக்கிழமை மாதர் சங்கத்துக்கு வெளிநாட்டுக் கூட்டம். உலகத்தில் இவர்களுடைய ஆங்கிலிக்கன் சபை இருக்கிற இடமெல்லாம் பெண்கள் சங்கம் இருக்கிறது. சில சங்கங்கள் சேர்ந்து மாதத்துக்கு ஒரு முறை கம்ப்யூட்டர் வழியாகச் சந்தித்துக்கொள்ளும். இங்கே ஆர்கன் அத்தை வீட்டில்தான் கூட்டம். ஆராதனையில் ஆர்கன் வாசிக்கிறவள், மகன் விட்டுப்போன லேப்டாப் வைத்திருக்கிறவள். மொழிபெயர்க்க டிகிரி. வேறு யார்?

கூட்டத்துக்கு ஒரு வழக்கம் உண்டு. ஒவ்வொரு சங்கமும் ஒரே ஒரு ஜெப விண்ணப்பம் வைக்கலாம். அது எல்லா நாட்டுச் சங்கங்களுக்கும் போகும். எல்லோரும் தினமும் அதற்காக ஜெபிப்பார்கள். ஜெபம் கேட்கப்பட்டது என்று வைத்தவர்களே சாட்சி சொல்லும்வரை அந்த விண்ணப்பம் பட்டியலிலிருந்து இறங்காது. கூட்டத்தை நடத்துகிற குளிர்நாட்டு அம்மா இதில் படு கறார். தீவிலிருந்து வருகிற அக்கா புயலில் போன ஆலயக் கூரைக்காக விண்ணப்பம் வைத்து, கடைசித் தகரத்தில் கடைசி ஆணி அடித்து, கேமராவைத் தூக்கிக் கூரையைக் காட்டிய பிறகுதான் அதை எடுத்தார்கள். அதுவரை இங்கே இருந்தவர்கள் பார்த்தே இராத கூரைக்காக ஒன்றரை வருஷம் விடாமல் முழங்காலில் நின்றார்கள்.

அன்றைக்குத் திரையில் குளிர்நாட்டு அம்மா கம்பளிச் சட்டைக்குமேல் கம்பளிச் சட்டை போட்டிருந்தாள். தீவு அக்காவின் பின்னால் ஒரு கோழி நடமாடியது. ஏரிக்கரை அக்காவின் ஜன்னலுக்கு வெளியே கடல் மாதிரி ஒரு ஏரி. இங்கே சங்கத் தலைவி சிஸ்டரம்மா, ஓய்வுபெற்ற நர்ஸ், ஊசி போடுகிற நிதானத்தோடு எழுந்தாள்.

"எங்கள் சங்கத்தார் அனைவரும் சுகம். எங்கள் சின்னஞ்சிறு பிள்ளைகளுக்காக ஜெபித்துக்கொள்ளுங்கள். அவ்வளவுதான். சொல்லு டிகிரி."

டிகிரி வாயைத் திறந்தாள். அவ்வளவுதானா? சாவியைப் பற்றி ஒரு வார்த்தை கிடையாதா? அக்கா ஓரத்தில் உட்கார்ந்து பாப்பாவுக்குப் பால் கொடுத்துக்கொண்டிருந்தாள். ஒன்றாம் தேதிக்கு இன்னும் கொஞ்ச நாள்தான்.

ஆங்கிலத்தில் டிகிரி சொன்னது இது: எங்கள் சபைச் செயலாளர் டைல்ஸ் அழுக்காகும் என்று குழந்தைகள் அறையைப் பூட்டி, சாவியை இடுப்பில் மாட்டிக்கொண்டு திரிகிறார். பிள்ளைகளை விட இடம் இல்லாமல் தாய்மாருக்கு வேலை போகப்போகிறது. என் அக்காவும் அதில் ஒருத்தி. அந்த மனிதரின் மனதும் அந்தக் கதவும் ஒன்றாகத் திறக்க ஜெபியுங்கள்.

திரையில் எல்லோரும் கேமராவுக்கு இன்னும் நெருங்கி வந்தார்கள். கோழி மட்டும் விலகிப் போனது. பிறகு ஏரிக்கரை அக்கா "ஓ" என்று நீளமாக ஒரு பெருமூச்சு விட்டாள். எல்லா நாட்டிலும் பெண்கள் விடுகிற அதே பெருமூச்சு. உடனே கண்ணை மூடி உரத்த குரலில் ஜெபிக்க ஆரம்பித்தாள். அடுத்தது தீவு அக்கா, அதற்கடுத்து இன்னொருத்தி. அவரவர் பாஷையில்தான். ஆனாலும் நடுநடுவே 'செக்ரெட்டரி' என்ற வார்த்தை மட்டும் தலையைத் தூக்கித் தூக்கிப் பார்த்தது.

சிஸ்டரம்மா ஒற்றைக் கண்ணைத் திறந்தாள். "ஏண்டி, சின்னப் பிள்ளைகளுக்கு ஜெபிக்கச் சொன்னா செக்ரெட்டரி எங்கேருந்து வந்தாரு?"

"அவங்களா சேத்துக்கிட்டாங்க சிஸ்டரம்மா."

"அடிப்பாவி. பொய் சொல்றப்போ உன் மூக்கு விடைக்கும். சின்ன வயசுல மாத்திரையைத் துப்பிட்டு முழுங்கிட்டேன்னு சொல்லுவியே, அப்பவும் இதே மூக்குதான்."

கூட்டம் முடிந்ததும் வசவு விழுந்தது. சங்கத்தின் பேரில் பேசிவிட்டுச் சொந்தச் சண்டையை அவிழ்த்துவிட்டாயே என்று சிஸ்டரம்மா வாங்கு வாங்கென்று வாங்கினாள். டிகிரி தலை குனியவில்லை. "என் வாயால சொன்னது தப்புன்னா ஒத்துக்கிறேன். சொன்னதுல ஒரு வார்த்தை பொய் இருக்கா, சொல்லுங்க" என்றாள்.

பதில் சொன்னது கண்டக்டர் அக்கா. பஸ்ஸில் டிக்கெட் கிழிக்கிறவள், அவள் பையனுக்கும் அந்த அறைதான் கதி. "பொய் இல்லதான். நாம கமிட்டியில பேச முடியாது, ஆலயத்துல பேச முடியாது. ஜெபத்தை யாரு தடுக்க முடியும்? விடுங்க சிஸ்டரம்மா. டிக்கெட் கிழிச்சாச்சு, இனி வண்டி போற வரைக்கும் போகட்டும்" என்று சொல்லி முந்தானையால் வாயை மூடிக்கொண்டு சிரித்தாள். ஆர்கன் அத்தை சிரித்தாள். கடைசியில் சிஸ்டரம்மாவுக்கும் தோள் குலுங்கியது.

வண்டி போனது. அடுத்த நாளே வாழ்த்துகள் வர ஆரம்பித்தன. வெளிநாட்டுச் சபைகளிலிருந்து வருகிற வாழ்த்தை ஞாயிறு ஆராதனையில் வாசிப்பது எங்கும் உள்ள மரியாதை. போதகர் கொடுத்ததைக் கொடுத்தபடி, முன்னால் ஒருமுறை பார்க்காமலே வாசிக்கிற சுபாவம். முதலில் வந்தது குளிர்நாட்டிலிருந்து. வெகு சுருக்கம்.

"உங்கள் சபைச் செயலாளரை நாங்கள் தினமும் ஜெபத்தில் தாங்குகிறோம்" என்று போதகர் வாசித்தார்.

முதல் வரிசையில் செயலாளர் நிமிர்ந்து உட்கார்ந்தார். அந்த வாரம் முழுக்க மனிதர் தரையில் நடக்கவில்லை. பேரிங் வாங்க வந்தவனிடமெல்லாம் சொன்னார். "வெளிநாட்டுல எனக்காக ஜெபம் பண்றாங்க. நாம பண்ற சேவை எங்கேயோ போய்ச் சேருது பாருங்க." அவருடைய மனைவி புதுச் சட்டை எடுத்துக் கொடுத்தாள். வழியில் டிகிரியைப் பார்த்தபோது பெருந்தன்மையாகத் தலையாட்டினார். டிகிரிக்குப் பல்லைக் கடித்துக் கடித்துத் தாடை வலித்தது.

"இவரு இன்னும் குளிர்காயறாரு. ஒண்ணாந்தேதி வந்துடும்போல இருக்கு" என்றாள் அக்கா. சூப்பர்வைசர் அன்று மறுபடியும் போன் பண்ணியிருந்தாள்.

இரண்டாவது ஞாயிறு ஏரிக்கரையிலிருந்து வந்தது. ஏரிக்கரை அக்காவுக்குச் சுருக்கிப் பழக்கமில்லை. டிகிரி அதைத் தமிழில் எழுதும்போது சிஸ்டரம்மா பக்கத்திலேயே உட்கார்ந்து மூக்கைக் கண்காணித்தாள். ஒரு எழுத்துகூடச் சேர்க்கவில்லை. சேர்க்க வேண்டிய அவசியமே இல்லாமல் இருந்தது.

போதகர் செயலாளரின் புதுச் சட்டையைப் பார்த்துப் புன்னகைத்துவிட்டு வாசிக்கத் தொடங்கினார். "எங்கள் ஏரிக்கரையின் எல்லாச் சபைகளிலும் உங்கள் செயலாளருக்காக ஜெபிக்கிறோம். டைல்ஸின் மேல் வைத்த அன்பை அவர் பிள்ளைகளின் மேலும் வைக்கும்படியாகவும்..." இங்கே போதகர் குரல் கொஞ்சம் தடுமாறியது. ஆனாலும் பழக்கதோஷம், நிறுத்தத் தெரியவில்லை. "...அவருடைய இடுப்பிலிருக்கும் சாவி அதற்குரிய பூட்டைச் சென்றடையும்படியாகவும், கர்த்தாவே..."

"எங்கள் ஜெபத்தைக் கேட்டருளும்!" என்று பெண்கள் பக்கம் முழங்கியது. அந்த ஆலயத்தில் அப்படி ஒரு சத்தம் அதுவரை வந்ததில்லை. ஆண்கள் பக்கமும் பின்னால் சிலர் சேர்ந்துகொண்டார்கள். அவர்களுடைய பிள்ளைகளும்தானே வீட்டில் கிடக்கின்றன?

மறுநாள் சாயங்காலம் செயலாளர் வந்தார். அறை பூட்டியிருந்ததால் சங்கத்தார், பாப்பாவோடு அக்கா உட்பட, ஆலயத்தின் பின்படிகளில்தான் உட்கார்ந்திருந்தார்கள். அவர் நின்றபடியே ஆரம்பித்தார்.

"இது என்னங்க அநியாயம்? என் பேரை உடனே எடுங்க."

"உங்க பேரே அதுல இல்லையே தம்பி. செயலாளர்னுதான் இருக்கு" என்றாள் சிஸ்டரம்மா. அவரைத் தம்பி என்று கூப்பிடுகிற ஒரே ஆள் அவள்தான்.

"பதவியை விட்டுட்டீங்கன்னா ஜெபமும் விட்டுடும்" என்று வழி சொன்னாள் கண்டக்டர் அக்கா.

"கிண்டலா? ஜெபத்தை நிறுத்தச் சொல்லி அவங்களுக்குச் சொல்லுங்க."

"சொல்லிடலாம் அங்கிள்" என்றாள் டிகிரி. "எங்க செயலாளருக்கு ஜெபம் வேண்டாமாம்னு சொல்றேன். நல்லாவா இருக்கும்?"

நல்லா இருக்காது என்று அவருக்கே தெரிந்தது. "அப்போ அந்தச் சாட்சியை அனுப்பிடுங்க. ஜெபம் கேக்கப்பட்டதுன்னு."

"கதவு பூட்டிக் கிடக்கே. பொய்ச் சாட்சி சொல்லச் சொல்றீங்களா?"

"சரி. வாரத்துல ரெண்டு நாள் திறக்கிறேன்."

"மத்த நாள்ல அதுங்க குழந்தைங்க இல்லையா?"

செயலாளர் படியில் உட்கார்ந்துவிட்டார். உடுப்பு அழுக்காகும் என்றுகூடப் பார்க்கவில்லை. குரல் இறங்கியது. "எல்லாரும் பூட்டினதைத்தான் பேசறீங்க. அந்த டைல்ஸ் யாரு கைக்காசு? என்னோடது. கடை கடையா ஏறி இறங்கி நானே பாத்து எடுத்தேன். போட்டு முடிச்சு இத்தனை நாளாச்சு. நல்லா இருக்குன்னு ஒரு ஆள், ஒரே ஒரு ஆள் சொன்னீங்களா?"

டிகிரிக்கு இது தெரியாது. தெரிந்திருந்தாலும் என்ன, காசு கொடுத்தால் பூட்டலாமா என்று கேட்க வாய் துடித்தது. அதற்குள் கண்டக்டர் அக்கா முந்திக்கொண்டாள். "ஏங்க, நல்லா இருக்கா இல்லையான்னு நாங்க பாத்தாதானே சொல்ல முடியும்? நீங்கதான் பூட்டியே வச்சிருக்கீங்களே!"

இந்தக் கோணம் அவருக்குத் தோன்றவே இல்லை என்பது முகத்தில் எழுதி ஒட்டியிருந்தது. மெதுவாக எழுந்தார். சாவிக்கொத்தை எடுத்தார். தப்பான சாவியைப் போட்டு, திட்டி, சரியான சாவியைப் போட்டார்.

உள்ளே கிடந்த நாற்காலிகளை ஓரம் தள்ளினால் வெளிர்நீல டைல்ஸ். ஓரத்தில் சின்னச் சின்ன மீன்கள். உண்மையிலேயே அழகாகத்தான் இருந்தது. டிகிரிக்கு அது இன்னும் எரிச்சலாக இருந்தது. அசிங்கமாக இருந்திருந்தால் எவ்வளவு வசதி!

"அட, மீனு!" என்றாள் ஆர்கன் அத்தை. "வழுக்குமா தம்பி?" என்று சிஸ்டரம்மா செருப்பைக் கழற்றிவிட்டுத் தேய்த்துப் பார்த்தாள். "வழுக்காது சிஸ்டரம்மா, கேட்டுத்தான் வாங்கினேன். குழந்தைங்க ஓடுமேன்னு..." என்றவர் பாதியில் நிறுத்திக்கொண்டார். சொன்னது அவர் காதிலேயே விழுந்துவிட்டது.

சிஸ்டரம்மாவின் முழங்கை டிகிரியின் விலாவில் இறங்கியது. சொல்லு என்று அர்த்தம். தோற்றவரைப் பாராட்ட வேண்டுமாம். இவ்வளவு நாள் அக்கா தவித்ததற்கு யார் பாராட்டு வைப்பார்கள்? அக்காவைத் திரும்பிப் பார்த்தாள். அக்கா எதையும் கேட்டுக்கொண்டிருக்கவில்லை. பாப்பாவைத் தரையில் இறக்கிவிட்டு, எந்த மூலையில் தொட்டில் கட்டலாம் என்று கண்ணால் அளந்துகொண்டிருந்தாள். பாப்பா ஒரு மீனைப் பிடிக்க அடித்துப் பார்த்தது. பிடிபடவில்லை. அடுத்த மீனுக்குத் தவழ்ந்தது.

"நல்லா இருக்கு அங்கிள்" என்றாள் டிகிரி. "தினமும் நாங்களே துடைச்சு வைக்கிறோம். சாவி ஒண்ணு சங்கத்துகிட்ட இருக்கட்டும்."

"இன்னொண்ணு..."

"உங்ககிட்ட இருக்கட்டும். வந்து பாத்துட்டுப் போங்க. பூட்டாம."

வளையத்திலிருந்து சாவியைக் கழற்ற அவருக்கு நகம் போதவில்லை. கண்டக்டர் அக்கா கழற்றிக் கொடுத்தாள்.

ஒன்றாம் தேதி காலை அக்கா பாப்பாவை அறையில் விட்டுவிட்டு, வாசல் வரை போய், திரும்பி வந்து, மறுபடி போய், மறுபடி வந்தாள். "போய்த் தொலை, பஸ் போயிடும்!" என்று டிகிரி விரட்டினாள். அவள் மெஷின் அவளுக்காகக் காத்திருந்தது. சாயங்காலம் வந்து, எனக்குப் பதிலாக உட்கார்ந்திருந்தவளைவிட ஒரு காலர் அதிகமாகத் தைத்தேன் என்று பீற்றிக்கொண்டாள்.

அந்த மாதக் கூட்டத்துக்குச் செயலாளரும் வந்தார். சாட்சியைத் தன் காதால் கேட்டால்தான் நம்புவாராம். கேமராவில் விழாதபடி ஆர்கன் அத்தை வீட்டு அலமாரியோரம் உட்கார்ந்தார். சிஸ்டரம்மா சாட்சி சொன்னாள். டிகிரி இந்த முறை வார்த்தைக்கு வார்த்தை மொழிபெயர்த்தாள். 'எங்கள் செயலாளரே டைல்ஸ் வாங்கினார், அது மிக அழகு' என்பதையும் சேர்த்து, மூக்கு விடைக்காமல். திரையில் எல்லோரும் கைதட்டினார்கள். ஏரிக்கரை அக்கா எழுந்து ஒரு ஆட்டமே போட்டாள். செயலாளர் கைக்குட்டையை எடுத்து நெற்றியைத் துடைத்துக்கொண்டார்.

அடுத்து தீவு அக்காவின் விண்ணப்பம். போன கூட்டத்திலிருந்தே யோசித்ததாகவும், இங்கே நடந்ததைப் பார்த்துத் தைரியம் வந்ததாகவும் சொன்னாள். அவர்கள் ஆலய வளாகத்தில் ஒரு தண்ணீர்க் குழாய் இருக்கிறது. பெண்கள் அங்கேதான் குடத்தை நிரப்புவார்கள். புதிதாக வந்த பொருளாளர் செடி அழுகிவிடும் என்று குழாய்க்குப் பூட்டுப் போட்டுவிட்டார்.

டிகிரி அதைத் தமிழில் சொல்லி முடிக்கவில்லை. அலமாரியோரத்திலிருந்து நாற்காலி நகர்கிற சத்தம் கேட்டது.

"தண்ணிக் குழாயையா பூட்டினான்? செடிக்காகவா?" செயலாளர் எழுந்தே விட்டார். "என்ன மனுஷன்யா அவன்! தண்ணி தூக்கற பொம்பளைங்க வயிறு எரியாதா? டிகிரி, அவன் என்ன பதவின்னு சொன்னே? பொருளாளரா? எழுதிக்க, எழுதிக்க. இன்னைக்கே ஆரம்பிச்சிடலாம்."

யாரும் யார் முகத்தையும் பார்க்கவில்லை. பார்த்தால் வெடித்துவிடும் என்று தெரியும். கண்டக்டர் அக்கா லேப்டாப் மூடியைப் பார்த்தாள், ஆர்கன் அத்தை கூரையைப் பார்த்தாள். சிஸ்டரம்மா மட்டும் நிதானமாகக் கண்ணை மூடி, "முதல்ல தம்பியே ஜெபிக்கட்டும்" என்றாள்.

அவர் தொண்டையைச் செருமிக்கொண்டு கை கூப்பினார். டிகிரி மைக்கை அவர் பக்கம் திருப்பி வைத்தாள்.